80 ஆயிரம் பிங் அனுப்பியும் பிரச்சினை சிக்கவில்லை: இணைப்பை அளக்க எப்படி மாதிரி எடுப்பது?

மவுசாக்கலை_காற்று | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பழைய பிள்ளைக்காம்பராவை (குழந்தைகள் காப்பகத்தை) திருத்தி மாலை வகுப்பு நடத்துகிறோம். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இங்கே ஆசிரியர் கிடைப்பது கஷ்டம். கொழும்பிலிருந்து இரண்டு பேர் ஸூம் வழியாகப் படிப்பிக்கிறார்கள். 4ஜி ரவுட்டர், கூரையில் அன்டெனா, அவ்வளவுதான் எங்கள் வசதி.

வகுப்பு நடக்கும்போது திடீரென்று பிள்ளைகள் பேசுவது அந்தப் பக்கம் கேட்காமல் போகிறது. ஒரு நிமிடம்கூட நீடிக்காது, தானே சரியாகிவிடும். ஆனால் விடை சொல்ல எழுந்த பிள்ளை அதற்குள் கூச்சப்பட்டு உட்கார்ந்துவிடுகிறது. மறுபடி எழும்ப வைப்பது பெரிய பாடு.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்றை வைத்து 5 நிமிடத்துக்கு ஒருமுறை, செக்கனுக்கு ஒன்றாக 20 பிங் (பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்க அனுப்பும் சிறு தரவுப் பொதி) அனுப்பிப் பதிவு செய்தேன். நாளைக்கு 5,760 பிங். இரண்டு வாரத்தில் 80 ஆயிரம் தாண்டிவிட்டது. இழப்பு ஆயிரத்துக்கு இரண்டுதான், சுற்றுத் தாமதம் சராசரியாக 60 மில்லிசெக்கன். இணைப்புத் தரும் நிறுவனத்திடம் காட்டினேன். "உங்கள் அளவுப்படியே எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கே பிழை விட்டேன்?

கொழுந்துக்கூடை | ஞாயிறு, இரவு 9.05

ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பார்த்தீர்களா?

மவுசாக்கலை_காற்று | ஞாயிறு, இரவு 9.11

காலை, பகல், மாலை என்று மூன்று வேளையும் போட்டேன். நல்ல வேகம்தான் காட்டுகிறது.

ஹட்டன்_ரயில் | ஞாயிறு, இரவு 10.20

தம்பி, ஒரு கேள்வி. அந்த 5 நிமிடம் கடிகாரத்தோடு ஒட்டியதா? அதாவது 3.00, 3.05, 3.10 என்று சரியாக அந்த நேரத்தில்தான் ஓடுகிறதா?

அப்படியென்றால் நீங்கள் பார்த்தது ஒவ்வொரு 5 நிமிடத்தின் முதல் 20 செக்கனை மட்டும். மிச்சம் 280 செக்கனை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. 80 ஆயிரம் என்ன, 80 இலட்சம் அனுப்பினாலும் அந்த 280 செக்கன் இருட்டில்தான் கிடக்கும். மாதிரியின் எண்ணிக்கையைக் கூட்டினால் எழுமாற்று வழு, அதாவது தற்செயலாக வரும் பிழை, குறையும். ஒரு பக்கம் சாய்ந்த மாதிரியின் சாய்வு குறையாது.

வலையமைப்பில் தாளத்துக்கு நடப்பவை ஏராளம். இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1992 மே மாதம் அமெரிக்காவில் பெர்க்லியிலிருந்து எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குச் செக்கனுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆயிரம் பிங் அனுப்பியிருக்கிறார்கள். குறைந்தது நூற்றுக்கு மூன்று தொலைந்தது. வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் 90 செக்கனுக்கு ஒருமுறை இழப்பு கொத்தாக விழுகிறது. வழியில் இருந்த ரவுட்டர்கள் 90 செக்கனுக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் வழிப்படுத்தல் செய்தி (எந்தப் பாதையில் பொதியை அனுப்புவது என்ற தகவல்) பரிமாறியதுதான் காரணம். சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் 1993இல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். யோசித்துப் பாருங்கள். அந்த பிங்கை 90 செக்கனுக்கு ஒன்று என்று அனுப்பியிருந்தால் என்ன ஆகும்? தொடங்கிய நேரத்தைப் பொறுத்து, ஒன்று இழப்பே கண்ணில் படாது, அல்லது ஒவ்வொரு பிங்கும் அந்த நெரிசலிலேயே போய் விழும். இரண்டுமே பொய்.

பதுளை_கணிதம் | திங்கள், காலை 6.15

ஹட்டன் தம்பி சொன்னதை எங்கள் மலையை வைத்தே சொல்லலாம். துரை (தோட்ட மேலாளர்) தினமும் சரியாகப் பத்து மணிக்கே மலைக்கு, அதாவது கொழுந்து பறிக்கும் இடத்துக்கு, வந்தால் அவர் காண்பது பத்து மணி மலையை மட்டும்தான். பன்னிரண்டுக்கு என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அதோடு பத்து மணிக்கு வருவார் என்று தெரிந்தால் மலையும் அதற்கேற்ப மாறிக்கொள்ளும்.

வலையமைப்பு வேண்டுமென்று மாறாதுதான். ஆனால் சீரான இடைவெளியில் போகும் சோதனைப் பொதிகள் வலையமைப்பின் வேறொரு தாளத்தோடு பூட்டிக்கொள்ளக்கூடும். 1998இல் வெர்ன் பாக்ஸனும் இன்னும் மூவரும் எழுதிய ஆர்எஃப்சி 2330 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அளக்கப்படுவதில் ஒரு தாளம் இருந்தால் சீரான மாதிரி அதில் ஒரு துண்டை மட்டும் பார்க்கும். சீரான சோதனை வலையமைப்பையே அசைத்துவிடவும் கூடும். அதனால் அவர்கள் பொய்சோன் மாதிரியைப் பரிந்துரைத்தார்கள். இடைவெளிகள் அடுக்குக்குறிப் பரம்பலில் (சிறியவை அதிகம், நீண்டவை அரிது) எழுமாறாக அமையும் முறை அது.

இதற்குப் பின்னால் ஒரு அழகான தேற்றம் உண்டு. 1982இல் ரொனால்ட் வுல்ஃப் நிறுவியது. சுருக்கப் பெயர் பாஸ்ட்டா. பொய்சோன் முறையில் வந்து பார்க்கிறவர் காணும் சராசரியும், முழு நேரமும் விழித்திருந்து பார்க்கிறவர் காணும் சராசரியும் ஒன்றே என்கிறது. எப்போதாவது எட்டிப் பார்த்தே முழு நேரத்தின் படத்தையும் பெறலாம் என்பதற்கு இப்படியொரு கணித உறுதி கிடைப்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

செய்வது சுலபம். 0க்கும் 1க்கும் இடையில் ஓர் எழுமாற்று எண் எடுங்கள். அதன் இயற்கை மடக்கையைச் சராசரி இடைவெளியால் பெருக்கி, மறைக் குறியை நீக்குங்கள். வருவதுதான் அடுத்த பிங்குக்குக் காத்திருக்க வேண்டிய நேரம். சராசரி 10 செக்கன் வைத்தால் நாளைக்குச் சுமார் 8,640 பிங். 84 பைட் பொதி போய்வர நாளைக்கு ஒன்றரை மெகாபைட்கூட ஆகாது. டேட்டாவுக்குப் பயப்பட வேண்டாம்.

மவுசாக்கலை_காற்று | திங்கள், பிற்பகல் 1.30

நன்றி டீச்சர். எழுதி ஓடவிட்டேன், ஆனால் ஏதோ கோளாறு போல இருக்கிறது. சில நேரம் ஒரே செக்கனுக்குள் இரண்டு பிங் போகிறது. சில நேரம் அரை நிமிடத்துக்கு ஒன்றுமே போகவில்லை.

பதுளை_கணிதம் | திங்கள், பிற்பகல் 2.05

கோளாறு இல்லை. சராசரி 10 செக்கன் என்றால் இடைவெளிகளில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்று ஒரு செக்கனுக்கும் குறைவாக வரும். இருபதில் ஒன்று 30 செக்கனைத் தாண்டும். கடைசிப் பிங் எப்போது போனது என்பதை வைத்து அடுத்தது எப்போது போகும் என்று ஊகிக்க முடியாது. அந்தத் தன்மைக்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம்.

நானுஓயா_நெட் | திங்கள், இரவு 9.30

டீச்சர் மேல் மரியாதையோடு சொல்கிறேன், பொய்சோன்தான் ஒரே வழி என்று தம்பி முடிவு கட்டிவிடக்கூடாது. பாஸ்ட்டா தேற்றம் சாய்வைப் பற்றி மட்டுமே பேசுகிறது. சோதனைப் பொதிகளும் சேர்ந்து ஓடும் வலையமைப்பின் சராசரியைத்தான் அது தருகிறது. மதிப்பீடு எவ்வளவு சிதறும் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 2006இல் சிக்கொம் என்ற கணினி வலையமைப்பு ஆய்வு மாநாட்டில் பச்செல்லி, மச்சிராஜு, வீச், பொலோ நால்வரும் இதை நன்றாக அலசினார்கள். சோதனைப் பொதிகள் சுமையாக இல்லாத அளவுக்குச் சிறியவை என்றால், சாய்வில்லாத மதிப்பீடு தரும் முறைகள் பொய்சோன் தவிர நிறைய உண்டு. இடைவெளி எழுமாறாக இருக்கட்டும், ஆனால் ஒரு கீழ் எல்லைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் தந்த நடைமுறை விதி. 9 செக்கனுக்கும் 11 செக்கனுக்கும் இடையில் சீர்ப் பரம்பலில், அதாவது எல்லாவற்றுக்கும் சம வாய்ப்புக் கொடுத்து, எடுத்தால்கூடப் போதும். தம்பி கேட்ட "ஒரே செக்கனுக்குள் இரண்டு" வராது. ஒட்டி ஒட்டிப் போகும் இரண்டு பிங் ஏறக்குறைய ஒரே செய்தியைத்தான் கொண்டு வரும், இரண்டாவதால் பெரிதாகப் பயனில்லை.

இன்னொன்று. தம்பி அளக்க வேண்டியது நேரச் சராசரியா, பிள்ளையின் குரலா? குரல் சீராகப் போகும் ஓட்டம். பொதுவாக 20 மில்லிசெக்கனுக்கு ஒரு பொதி. அதன் அனுபவம் வேண்டுமென்றால் அதேபோல சீரான ஓட்டத்தை அனுப்பித்தான் பார்க்க வேண்டும். 2002இல் வந்த ஆர்எஃப்சி 3432 இதற்கென்றே எழுதப்பட்டது. ஓட்டத்துக்குள்ளே இடைவெளி சீராக இருக்கலாம், ஓட்டம் தொடங்கும் நேரம் எழுமாறாக இருக்க வேண்டும், ஒவ்வொரு ஓட்டமும் குறிப்பிட்ட நேரத்தில் முடிய வேண்டும். அதாவது பெரிய அளவில் எழுமாறு, சிறிய அளவில் சீர்.

ஹட்டன்_ரயில் | திங்கள், இரவு 10.10

நானுஓயா அண்ணன் சொன்ன கடைசிப் பகுதியோடு முழுக்க உடன்படுகிறேன். இழப்பை அளப்பதற்கு இது இன்னும் முக்கியம்.

பொதிகள் ஒன்று ஒன்றாகத் தொலைவதில்லை. ரவுட்டரில் பொதிகள் காத்திருக்கும் வரிசை நிரம்பி வழியும்போது கொத்தாகத் தொலைகின்றன. தனித்தனிப் பிங் அந்தக் கொத்து எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று காட்டாது. சோமர்ஸ், பார்ஃபோர்ட், டஃபீல்ட், ரொன் ஆகியோர் 2005இல் ஆய்வுகூடத்தில் சோதித்தபோது, இழப்பு நிகழ்வு எத்தனை முறை வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்ற இரண்டையும் பொய்சோன் முறையில் போன தனிப் பிங்குகள் சரியாகப் பிடிக்கவில்லை. அவர்கள் செய்த மாற்றம் எளிது. நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, எழுமாறாக ஒரு துண்டைத் தேர்ந்து, அதிலும் அடுத்த துண்டிலும் சேர்த்துச் சோதனை அனுப்பினார்கள். முதல் துண்டு நலம், இரண்டாவது கெட்டது என்றால் நிகழ்வின் தொடக்கம் கையில் சிக்குகிறது.

ஆகவே தம்பிக்கு என் யோசனை: சாதாரணப் பிங் சராசரி 10 செக்கன் எழுமாறாக நாள் முழுக்க ஓடட்டும். அதற்கு மேல், நாளைக்கு 24 தடவை, எழுமாறான நேரங்களில் ஒவ்வொரு நிமிடம் குரல் மாதிரி ஓட்டம். செக்கனுக்கு 50 பொதி, ஒவ்வொன்றும் 200 பைட் என்றால் ஒரு நிமிடத்துக்குப் போக வர 1.2 மெகாபைட். மாதம் 864 மெகாபைட் வரும். இதற்கு டேட்டா கணக்குப் பார்க்க வேண்டும்.

பதுளை_கணிதம் | செவ்வாய், காலை 6.00

நானுஓயா ஐயாவின் திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் 9க்கும் 11க்கும் இடையில் என்ற குறுகிய வீச்சைத் தம்பி எடுக்க வேண்டாம். ஒளிந்திருக்கும் தாளம் என்னவென்று தெரியாத தொடக்கத்தில் அகலமான எழுமாறே பாதுகாப்பு. ஒரு நாளில் எல்லாக் கட்டத்தையும் அது தொட்டுவிடும். 5க்கும் 15க்கும் இடையில் வைத்தால் இரண்டு பேருக்கும் திருப்தி.

கொழுந்துக்கூடை | செவ்வாய், பகல் 11.45

இடையில் புகுந்து கேட்கிறேன். நான் ஒரு அலுவலக வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். நாங்கள் சோதனைப் பொதி அனுப்புவதில்லை, ஓடுகிற பொதிகளிலேயே ஆயிரத்துக்கு ஒன்றை ரவுட்டர் எடுத்துத் தருகிறது. செக்கனுக்கு ஒரு பொதி எடுத்தால் வேலை குறையுமே, அது பரவாயில்லையா?

ஹட்டன்_ரயில் | செவ்வாய், பகல் 12.30

எண்ணிக்கைப்படி எடுப்பதே நல்லது. கடிகாரம் அடித்ததும் அடுத்து வரும் பொதியை எடுக்கும் முறை சாய்ந்துவிடும்.

மஸ்கெலியா பஸ்ஸுக்கு ஹட்டனில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். மூன்று பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போன பிறகு ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை. நினைத்த நேரத்தில் போய் நிற்கிறவர் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேர வெறுமைக்குள்தான் போய் நிற்பார். அவர் ஏறுவது நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் முதல் பஸ். ஒட்டிக்கொண்டு வரும் இரண்டாவது, மூன்றாவது பஸ்கள் அவர் கணக்கில் அரிதாகவே வரும். செக்கனுக்கு ஒரு பொதி எடுப்பவருக்கும் இதுதான் நடக்கும். கொத்தாக வரும் பொதிகள் மாதிரியில் குறையும். 1993இலேயே கிளாஃபி, பொலிசோஸ், பிரவுன் மூவரும் உண்மையான போக்குவரத்தில் ஒப்பிட்டு, நேரப்படி எடுக்கும் முறைகள் எண்ணிக்கைப்படி எடுக்கும் முறைகளைவிட மோசம் என்று காட்டிவிட்டார்கள்.

வழுவைக் கணிக்க எஸ்ஃப்ளோ (ஓடுகிற பொதிகளில் மாதிரி எடுக்கும் ஒரு முறை) பயனர்கள் சொல்லும் ஒரு சூத்திரம் உண்டு. நீங்கள் பார்க்க விரும்பும் வகையில் எத்தனை மாதிரி சிக்கியதோ, அதன் வர்க்கமூலத்தால் 196ஐ வகுங்கள். வருவது நூற்றுவீத வழுவின் மேல் எல்லை, 95 வீத நம்பிக்கையோடு. 100 மாதிரி என்றால் சுமார் 20 வீதம், 10,000 என்றால் 2 வீதம். மொத்தம் எத்தனை பொதி ஓடியது என்பது இதில் வருவதே இல்லை.

மவுசாக்கலை_காற்று | வெள்ளி, இரவு 11.20

கண்டுபிடித்துவிட்டேன்!

டீச்சர் சொன்ன 5 முதல் 15 வரையான இடைவெளியில் மூன்று நாள் ஓடவிட்டேன். பெரும்பாலான பிங்குகளின் தாமதம் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஒரு செக்கனுக்கு மேல் தாமதமான பிங்குகள் நிறையத் தெரிந்தன, முந்தைய இரண்டு வாரத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு மோசமான பிங்கும் மணியில் எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்று பார்த்தேன். 2, 17, 32, 47. திரும்பத் திரும்ப அதே நிமிடங்கள். நாள் முழுவதையும் 15 நிமிடத் துண்டுகளாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வரைந்தேன். ஒரே இடத்தில் ஒரு தூண் எழும்பி நிற்கிறது, அகலம் சுமார் 50 செக்கன்.

பிறகு கட்டடத்தைச் சுற்றித் தேடினேன். போன வருடம் கணினி களவு போனதால் சிசிடிவி பூட்டினோம். அந்தப் பெட்டி 15 நிமிடத்துக்கு ஒருமுறை படங்களை வெளியே உள்ள சேமிப்புக்கு ஏற்றுகிறது. ஏற்றும் பாதை முழுவதையும் அது அடைத்துக்கொள்ள, பிள்ளைகளின் குரல் ரவுட்டரின் வரிசையில் பின்னால் காத்துக் கிடக்கிறது. என் பழைய பிங் 0, 5, 10, 15 என்று போனது. அந்தப் பெட்டி எப்போதும் அதற்கு இரண்டு நிமிடம் பிந்தியே தொடங்குகிறது. வருடம் முழுக்க அளந்திருந்தாலும் இரண்டும் சந்தித்திருக்காது.

ஏற்றத்தை இரவு 11 மணிக்கு மாற்றிவிட்டேன். இன்று மாலை விஞ்ஞான வகுப்பில் ஒரு பிள்ளை ஒளித்தொகுப்பை முதலிலிருந்து கடைசி வரை சொல்லி முடித்தது. கொழும்பு சேர் எல்லாம் கேட்டதாகச் சொன்னார்.

நானுஓயா_நெட் | சனி, காலை 7.00

மனம் நிறைந்தது தம்பி. அந்த 50 செக்கன் 15 நிமிடத்தில் 5.6 வீதம். எழுமாறாகப் போன பிங்குகளில் மோசமானவை எத்தனை வீதம் என்று பாருங்கள், ஏறக்குறைய அதே அளவு வந்தால் வேறு பெரிய காரணம் இல்லை என்று அர்த்தம்.

மவுசாக்கலை_காற்று | சனி, காலை 9.40

பார்த்தேன். கொஞ்சம் கூட வருகிறது அண்ணன். மிச்சம் இருப்பவை பெரும்பாலும் மாலையில், சில நாட்களில் மட்டும். மழையாக இருக்கலாம். இப்போது தென்மேல் பருவமழை எங்கள் பக்கம் ஊற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் மாலை 7 மணிக்குப் பிறகு லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எல்லோரும் போனும் கையுமாக இருக்கிற நேரமும் அதுதான். எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது?

பதுளை_கணிதம் | சனி, காலை 11.15

இங்கேதான் படை வகுத்த மாதிரி எடுப்பு வேண்டும். வகுப்பு நேரம், லயத்து நெரிசல் நேரம், மற்ற நேரம் என்று மூன்று படை. ஒவ்வொன்றையும் மழையோடு, மழையில்லாமல் என்று இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போதிய அளவு இருக்க வேண்டும். 300 பிங்கில் ஒன்றும் தொலையவில்லை என்றால்கூட, இழப்பு நூற்றுக்கு ஒன்று வரை இருக்கலாம் என்றுதான் 95 வீத நம்பிக்கையோடு சொல்ல முடியும். அதுவும் பிங்குகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் மட்டும். இழப்பு கொத்தாக வருவதால் அதைவிடக் கூடுதலாகவே எடுங்கள். வகுப்பு நேரத்தில் சராசரி இடைவெளியை 3 செக்கனாகக் குறைக்கலாம். ஒன்று மறக்க வேண்டாம்: நாள் முழுக்கவுமான சராசரி சொல்லும்போது அந்தந்தப் படை நாளில் எவ்வளவு நேரமோ அந்த அளவு நிறை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடுதலாக அளந்த மாலை நேரம் முழு நாளையும் தன் பக்கம் இழுத்துவிடும்.

ஹட்டன்_ரயில் | சனி, பிற்பகல் 12.50

அதோடு ஒவ்வொரு தடவையும் இரண்டு இடத்துக்கு அனுப்புங்கள். ஒன்று உங்கள் ரவுட்டருக்கு, மற்றது கொழும்பில் உள்ள இலக்குக்கு. ரவுட்டர் வரை நலம், வெளியே கெட்டது என்றால், ரவுட்டர் வரையான உங்கள் உள் இணைப்பு குற்றவாளி இல்லை. ஆனால் சிசிடிவி போல ஏற்றும் பாதையை அடைக்கும் வேறொன்று அந்த நேரம் ஓடவில்லை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். டவரிலிருந்து போகும் நுண்ணலை இணைப்பை அடைமழை பலவீனப்படுத்தும், அதிர்வெண் கூடக் கூடப் பாதிப்பும் கூடும். மூடுபனியை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், அதனால் அவ்வளவு பாதிப்பு வராது. நிறுவனத்திடம் போகும்போது சராசரியைக் கொண்டு போகாதீர்கள். மழை நேர வகுப்பில் 95ஆவது நூற்றுமம் (நூற்றுக்கு 95 பிங் எந்தத் தாமதத்துக்குள் முடிகிறதோ அது) எவ்வளவு, மழையில்லாத வகுப்பில் எவ்வளவு என்று இரண்டு எண்ணோடு போங்கள்.

மவுசாக்கலை_காற்று | சனி, மாலை 5.30

தோட்ட ஆபீசில் மழைமானி இருக்கிறது, பெரிய கிளாக்கர் ஐயா பதிவேட்டைக் காட்டினார். ஆனால் காலையில் ஒருமுறைதான் அளவெடுக்கிறார்கள். நேற்று எவ்வளவு பெய்தது என்று தெரிகிறது, எப்போது பெய்தது என்று தெரியவில்லை. அதனால் வகுப்பில் பெரிய பிள்ளைகள் இரண்டு பேரிடம் ஒரு கொப்பி கொடுத்திருக்கிறேன். மழை தொடங்கும் நேரம், விடும் நேரம் இரண்டையும் எழுதுவார்கள். ராஸ்பெரி பையின் கடிகாரத்தைப் பார்த்தே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இன்று 4.12க்குத் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. பிங் ஓடிக்கொண்டிருக்கிறது.